மேலே அனுப்பியவை

வால்பரைசோ துறைமுகத்தைப் பார்த்தபடி
ஒரு மருத்துவமனை. அதன் அடித்தளத்தில் நான்.
ஜன்னல் கிடையாது. கப்பல் ஊதுவது மட்டும்
ஏசி குழாய் வழியாக வரும்.

பதினொரு வருடமாக ஒரே கேள்வி:
"அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?"
பாதிப் பேர் பார்த்தோம் என்பார்கள்.
பாதிப் பேர் பொய் சொல்வார்கள்.
இரண்டும் ஒரே பாதி.

மார்ச்சில் மேலாளர் கயேகோஸ் கூப்பிட்டார்.
"நயாதெத், அடுத்த படிக்கு ஒரு சான்றிதழாவது வேண்டும்.
எதுவானாலும் சரி."
எதுவானாலும் என்பதைவிடக் கடினமான பாடத்தை
நான் இதுவரை படித்ததில்லை.

யாஸ்னா சொன்னாள்: கிளவுட் எடு,
எல்லாமே மேகத்துக்குத்தானே போகிறது.
இந்த ஊரில் மேகம்தான் எங்களிடம் வரும்,
காலை ஏழு மணிக்கு, கடலிலிருந்து
ஒவ்வொரு படிக்கட்டாக ஏறி,
காயப்போட்ட துணியை நனைத்துவிட்டுப் போகும்.

இரவுப் பணி எலெயூதெரியோ சொன்னார்:
செக்யூரிட்டி. பயம் இருக்கும்வரை சம்பளம் இருக்கும்.
அவர் அந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றவர்.
பயத்தைப் பற்றி அவருக்குத் தெரியும்.

கட்டணம் டாலரில்.
பெசோவில் மாற்றினால் இரண்டு மாத வாடகை.
மூன்றே வருடத்தில் காலாவதி.
என் வீட்டு ஹீட்டருக்குக்கூட
ஐந்து வருட உத்தரவாதம் தந்தார்கள்.

ஞாயிறு இரவு. போன் அடிக்கவில்லை.
சும்மாதான், வருடத்துப் புகார்களை எல்லாம் இறக்கினேன்.
இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு.
பாதி கடவுச்சொல். கால்வாசி பிரிண்டர்.
குழந்தைகள் வார்டு செவிலி ஒருத்தி மட்டும்
நாற்பத்தொரு முறை.
எப்போதும் மகன் பெயரைத்தான் வைப்பாள்.
பெயர் மறக்கவில்லை,
எந்த எழுத்தைப் பெரிதாகப் போட்டாள் என்பதுதான்.

இவை எனக்குக் கை போன போக்கில் வரும்.
இவற்றுக்கா சான்றிதழ்?

பிறகு ஒரு வடிகட்டி போட்டேன்:
'மேலே அனுப்பியது.'
அறுபத்து மூன்று.
நான் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தி,
கீழேயே நின்றுகொண்ட அறுபத்து மூன்று.

ஒவ்வொன்றிலும் என் குறிப்பு இருந்தது.
நான்காம் மாடி, அதிகாலை மூன்று மணி,
இதயத் துடிப்புத் திரைகள் ஆறும் சேர்ந்து உறைந்தன,
போனில் மருத்துவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்,
நோயாளி விழித்திருந்ததால்.
கீழே நான்: 'நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கலாம்.'
ரத்த வங்கி: 'சுவிட்சாக இருக்கலாம்.'
எக்ஸ்ரே அறை: 'கேபிளாக இருக்கலாம்.'
அறுபத்து மூன்றில் முப்பத்தெட்டு 'லாம்'.

அன்றிரவு நான் வெட்கப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
எழுந்து போய் காபி போட்டேன்.
சர்க்கரை போட மறந்தேன்.
அவ்வளவுதான்.

காலையில் கயேகோஸிடம் சொன்னேன்:
நெட்வொர்க்.
"அதற்கு இப்போது மவுசு குறைவு" என்றார்.
தெரியும் என்றேன்.
அந்த ஆறு திரைகள் ஏன் உறைந்தன என்று
உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.
அவருக்குத் தெரியவில்லை.
"சரி, பாஸானால் சம்பளம் எவ்வளவு ஏறும்?"
"பார்க்கலாம்" என்றார்.
அவரிடமும் ஒரு லாம்.

இப்போது மலை லிஃப்டில் படிக்கிறேன்.
கிறீச்சிடும் மரப்பெட்டி, எட்டுப் பேர்,
மேலே போக ஒன்றரை நிமிடம்:
ஒரு கணக்குக்குச் சரியாக இருக்கும்.
ஐந்து பிட் மிச்சம், கருவிகளுக்கு எத்தனை முகவரி?
முப்பத்திரண்டு என்கிறேன்.
புத்தகம் முப்பது என்கிறது.
முதலும் கடைசியும்
யாருக்கும் கொடுக்கக் கூடாதாம்.
பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற பெண்
எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"அப்போது அதில் யார் குடியிருப்பார்கள்?"

கதவு திறந்துவிட்டது.